ரன்வே லைட்டு தெரிஞ்சும் ஏன் இறக்கல?

தம்பி, நீங்க கேட்டது இதுதானுங்களே. ஷார்ஜாவுல இருந்து உங்க மச்சான் வந்த ப்ளைட்டு விடியக்காலம் கோயமுத்தூருக்கு மேல ரெண்டு சுத்து சுத்திட்டு, ஒரு தடவ நல்லா கீழ வரைக்கும் வந்து திடீர்னு விருட்டுன்னு மேல ஏறி, கடைசில நெடும்பாசேரில, அதாங்க கொச்சி ஏர்போர்ட்டுல கொண்டு போய் இறக்கி விட்டுட்டாங்க. இத்தனைக்கும் மச்சான் ஜன்னல் வழியா ரன்வே லைட்ட வரிசையா பார்த்தாராம், ரேடியோ சிக்னல் விட்டு ப்ளைட்டுக்கு இறங்கற வழி காட்டற ஐஎல்எஸ்னு மெஷின் வேற இருக்காமே, அத வெச்சு கண்ண மூடிட்டு இறக்க வேண்டியதுதானே, பைலட்டுக்கு தைரியம் பத்தலையான்னு. மச்சான் கோவத்துல கேட்டிருப்பாரு, 4 மணிக்கு வீட்ல இருக்க வேண்டிய மனுசன் பகல் 11 மணிக்கு வந்தா யாருக்குத்தான் கோவம் வராது.

நான் பைலட் இல்லைங்க. ஆனா அந்த ஐஎல்எஸ் மெஷின 26 வருசம் மேய்ச்சவன். ஆன்டெனா, டிரான்ஸ்மிட்டர், மானிட்டர், அதுக்கு முன்னாடி வளர்ற புல்லு வரைக்கும் எங்க தலைவலிதான். ரிட்டையர்டு ஆகி பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைல தென்னைக்கு தண்ணி பாய்ச்சிட்டு இருக்கறேன். அதனால மெஷின் பக்கத்துல இருந்து சொல்றேன், பைலட்டுங்க கூட டீ குடிச்சப்ப அவங்க சொன்னதையும் சேத்துக்கறேன்.

மொதல்ல மச்சான் பார்த்த லைட்டு. அவரு பொய் சொல்லல, நிஜமாவே பார்த்திருப்பாரு. மார்கழி தை மாசத்துல நம்ம பக்கம் விழற மஞ்சு (பனின்னு எழுதுனா இங்க பாதி பேரு பைலட்டுக்கு காய்ச்சல்னு நெனச்சுக்குவாங்க, மலையாளத்துல பனின்னா காய்ச்சல்தானே, அதனால மஞ்சுன்னே சொல்றேன்) ரொம்ப உயரத்துக்கு இருக்காது, தரையோட தரையா ஒரு 100 அடி கனத்துக்கு போர்வை போத்துன மாதிரி படுத்துக் கெடக்கும். மேல 3000 அடில இருந்து நேரா கீழ பார்த்தா உங்க கண்ணு தாண்ட வேண்டியது அந்த 100 அடி மஞ்சு மட்டுந்தான், அதாவது 30 மீட்டர், லைட்டு பளிச்சுன்னு தெரியும். ஆனா பைலட்டு நேரா கீழயா பாக்கறாரு? அவரு 3 டிகிரி சரிவுல முன்னாடி பாக்கறாரு. அதே 100 அடி கனத்த 3 டிகிரி சாய்வுல ஊடுருவிப் பாக்கணும்னா 580 மீட்டர் மஞ்சு குறுக்க நிக்கும், கணக்கு போட்டுப் பாருங்க, 19 மடங்கு. மேல இருக்கறப்ப தெரிஞ்ச ரன்வே, அந்த போர்வைக்குள்ள மூக்க நுழைச்ச உடனே மொத்தமா காணாமப் போயிரும், அதுவும் எப்ப, சக்கரம் தரையத் தொடறதுக்கு ஏழெட்டு செகண்டு முன்னாடி. இதுல நெறைய அனுபவசாலிங்களே ஏமாந்திருக்காங்க, ஏன்னா மேல பார்த்தது மனசுல பதிஞ்சு போயிருது, "இப்பத்தானே பார்த்தேன், இங்கதான் இருக்கும்"னு கை தானா இறக்கிக்கிட்டே போகும்.

இன்னொண்ணு, சூரியன் வந்தா மஞ்சு கலைஞ்சிரும்னு நாம நெனைக்கறோம். கலையும், ஆனா உதிச்ச உடனே இல்ல. வெயில் தரையத் தொட்டு காத்து லேசா அசைய ஆரம்பிச்சதும் மொத அரை மணி நேரம் பல நாள் இன்னும் கெட்டியாகும். 6 மணிக்கு 1000 மீட்டர் தெரிஞ்ச எடம் 6.45க்கு 200 மீட்டர் ஆனத நானே டவர் கீழ நின்னு பார்த்திருக்கறேன்.

இப்ப ஐஎல்எஸ். பேரு பெருசு, வேலை சின்னதுங்க. ரன்வேயோட அந்தக் கோடில ஒரு ஆன்டெனா வரிசை, அது லோக்கலைசர், இடது வலது சொல்றது. ரன்வே பக்கவாட்டுல, ஆரம்பத்துல இருந்து ஒரு 300 மீட்டர் உள்ள தள்ளி ஒரு கம்பம், அது கிளைட் பாத், இறங்கற சரிவ சொல்றது. ரெண்டும் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ்னு ரெண்டு ஓசைய ரேடியோ அலைல ஏத்தி விடும். இறங்கி வர்ற ப்ளைட்டு நடுக்கோட்டுக்கு இடது பக்கம் ஒதுங்குனா 90 ஓங்கி இருக்கும், வலது பக்கம் போனா 150 ஓங்கும், சரிவுக்கு மேல இருந்தா 90, கீழ போனா 150. ரெண்டும் சமமா இருந்தா பைலட்டு முன்னாடி இருக்கற மீட்டர்ல ஊசி நடுவுல நிக்கும். அவ்ளோதான். முன்னாடி லாரி நிக்குதா, ரன்வேல தண்ணி நிக்குதா, காத்து எந்தப் பக்கம், ஒண்ணும் அதுக்குத் தெரியாது. கையப் புடிச்சு வாசப்படி வரைக்கும் கூட்டிட்டு வரும், உள்ள காலெடுத்து வைக்கறது நம்ம பாடு.

அந்த வாசப்படி எவ்ளோ உயரம்ங்கறதுதான் கேள்வியே. கோயமுத்தூர் மாதிரி எடத்துல இருக்கறது மொத ரகம், கேட்டகரி ஒண்ணு, சுருக்கமா கேட் ஒண்ணுன்னு சொல்வோம். அதுக்கு 200 அடி கணக்கு, ரன்வேல விசிபிலிட்டி மீட்டர் குறைஞ்சது 550 மீட்டராவது காட்டணும். 200 அடி வந்ததும் பைலட்டு தலையத் தூக்கி பாக்கணும், அப்ரோச் லைட்டோ ரன்வே விளிம்போ கண்ணுல பட்டா இறங்கலாம், படலைன்னா ஒரு யோசனையும் கூடாது, பவர் குடுத்து மேல. அந்த நேரத்துல ப்ளைட்டு மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்துல வந்துட்டு இருக்கும், நிமிசத்துக்கு 740 அடி மாதிரி இறங்கிட்டு இருக்கும், 200 அடில இருந்து தரைக்கு 16 செகண்டு. இதுல கண்ணாடிக்கு உள்ள மீட்டர பார்த்துட்டு இருந்த கண்ணு வெளிய இருட்டுக்கு பழகணும், லைட்ட தேடணும், நேரா இருக்கமா சாஞ்சிருக்கமான்னு முடிவு பண்ணணும். பவர் குடுத்தாலும் ப்ளைட்டு உடனே ஏறாது, கொஞ்சம் கீழ எறங்கிட்டுத்தான் மேல கெளம்பும். உங்க மச்சான் பயந்த அந்த "விருட்டு" இதுதான். அது ஆபத்துல தப்பிச்சது இல்லைங்க, பஸ்ஸு ஸ்டாப்புல நின்னு கெளம்புற மாதிரி ஒரு வாடிக்கையான வேலை, வருசா வருசம் சிமுலேட்டர்ல அதப் போட்டு போட்டு பழக்கறாங்க.

டெல்லில 50 மீட்டர் விசிபிலிட்டில எல்லாம் எறக்கறாங்களே, இங்க ஏன் முடியாதுன்னு அடுத்து கேப்பீங்க. அது கேட் மூணு. அதுக்கு ப்ளைட்டுல ஆட்டோலேண்ட், அதாவது தானா தரை வரைக்கும் இறங்கற வசதி வேணும், ரெண்டு பைலட்டும் அதுக்குன்னு தனியா டிரெய்னிங் எடுத்திருக்கணும், தரைல ரன்வே நடுக்கோடு முழுக்க லைட்டு வேணும், கரண்டு போனா ஒரு செகண்டுல மாத்து கரண்டு வரணும், சிக்னல் கெட்டா 2 செகண்டுல மெஷின் தன்னைத்தானே அணைச்சுக்கணும். கேட் ஒண்ணுல லோக்கலைசருக்கு 10 செகண்டு, கிளைட் பாத்துக்கு 6 செகண்டு வரைக்கும் விட்டிருக்காங்க, நல்லா யோசிங்க, 200 அடிக்கு மேல 6 செகண்டு தப்பான சிக்னல் ஒண்ணும் பண்ணாது, ஏன்னா அடுத்து கண்ணு பாத்துக்கும்னு ஒரு நம்பிக்கை. கண்ணே இல்லாம இதே சிக்னல நம்பி தரை வரைக்கும் போனா 6 செகண்டுல 70 அடிக்கு மேல எறங்கியிருக்கும். மெஷின் வேலை செஞ்சுட்டு இருக்கறப்பவே மினிமாவுக்கு (அந்த 200 அடி மாதிரி வெச்சிருக்கற குறைஞ்சபட்ச உயரத்துக்கு) கீழ போகாதேன்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

மெஷினோட கோளாறையும் சொல்லிடறேன், எங்க பொழப்பு அதுதான. கிளைட் பாத் ஆன்டெனா முன்னாடி இருக்கற தரைல பட்டுத் தெறிச்சுத்தான் அந்த சரிவையே உருவாக்குது. அதனால முன்னாடி நெலம் சமமா இருக்கணும், புல்லு ரொம்ப வளரக்கூடாது, தண்ணி கட்டி நிக்கக்கூடாது. நான் வேலை பார்த்த ஒரு எடத்துல மழைக்காலத்துல புல்லு வெட்ற காண்ட்ராக்ட்காரர் டிராக்டர கொண்டாந்து நேரா ஆன்டெனா முன்னாடி நிறுத்திட்டு நெழல்ல சோறு தின்னுட்டு இருந்தாரு, உள்ள மானிட்டர்ல ஊசி ஆடுது, நாங்க வெளிய ஓடறோம். அப்ப ப்ளைட்டு எதுவும் வரல. அதே மாதிரி டேக் ஆஃப் ஆகற இன்னொரு ப்ளைட்டு லோக்கலைசருக்கு மேல பறந்தாலே பின்னாடி வர்றவனுக்கு சிக்னல் ஆடும். நல்ல வானிலைல பைலட்டு "என்னடா இது"ன்னு கண்ணால சரி பண்ணிக்குவாரு. மஞ்சுல?

பொய்ச்சரிவுன்னு ஒண்ணு இருக்குங்க, அது இன்னும் மோசம். 3 டிகிரில நெஜ சரிவு இருக்கறப்ப, அலையோட இயல்புல 6, 9 டிகிரிலயும் ஊசி நடுவுல நிக்கற எடம் வரும். ரொம்ப உயரமா வந்துட்டு அவசரமா மேல இருந்து புடிக்கப் பார்த்தா ஆட்டோபைலட்டு இந்தப் பொய்ய புடிச்சுக்கும், மூக்கு தூக்கும், வேகம் சரியும். அதனாலதான் கீழ இருந்து வந்து சரிவ புடின்னு சொல்லிக் குடுக்கறது.

சரி, மினிமாவுக்கு கீழ போனா என்னதான் ஆகும்னு கேட்டா நம்ம கோயமுத்தூர் கதையே ஒண்ணு இருக்கு, பழசு. 1973 மே 31, மெட்ராஸ்ல இருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737. டெல்லில புழுதிப் புயல். ரன்வே கண்ணுல படாமலே குறைஞ்சபட்ச உயரத்துக்கு கீழ எறங்கி பாலம் ஏர்போர்ட்டுக்கு முன்னாடியே ஹைடென்ஷன் கம்பில மோதி விழுந்துச்சு, 65 பேர்ல 48 பேர் செத்துட்டாங்க. அதுல மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலம் இருந்தாரு, கோயமுத்தூர் எம்பி பாலதண்டாயுதமும் இருந்தாரு. அதனால கோயமுத்தூருக்கு 1974ல இடைத்தேர்தல் வந்து பார்வதி கிருஷ்ணன் ஜெயிச்சாங்க, அவங்க மோகன் குமாரமங்கலத்தோட கூடப்பொறந்த தங்கச்சி. எங்கப்பா தோட்டத்துல ரேடியோல கேட்ட சேதின்னு சொல்வாரு. 1988 அக்டோபர்ல அகமதாபாத்துலயும் கிட்டத்தட்ட இதே கதை, காலைல புகைமூட்டம், ரன்வே தெரியாம கீழ கீழ வந்து 135 பேர்ல 133 பேர் போயிட்டாங்க.

மஞ்சு ஒரு பக்கம்னா மழை வேற ஜாதி. கேரளா பக்கம் ஆபத்துன்னா அது மழைதாங்க, இடவப்பாதில, அதாவது ஜூன் பருவமழைல ஆரம்பிச்சா நிக்காது. கண்ணாடில தண்ணி வழியறப்ப ரன்வே இருக்கற எடத்த விட கீழ, தள்ளி இருக்கற மாதிரி தெரியும், ஒளி வளையறதால. அப்ப பைலட்டுக்கு நாம ரொம்ப ஒசரத்துல இருக்கமோன்னு தோணி இன்னும் எறக்குவாரு. எறங்குனதுக்கு அப்புறம் டயருக்கும் ரன்வேக்கும் நடுவுல தண்ணி மெத்தை மாதிரி நிக்கும், பிரேக்கு புடிக்காது. இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, டயர் பிரஷரோட வர்க்கமூலத்த 9 ஆல பெருக்குனா எத்தன நாட் வேகத்துல டயர் மெதக்க ஆரம்பிக்கும்னு வரும். 200 பவுண்டு பிரஷர் இருக்கற டயருக்கு 127 நாட், அதாவது மணிக்கு 235 கிலோமீட்டர். எறங்கற வேகமே அதுக்கு மேலதான். ஆக தொட்ட உடனே டயர் தண்ணி மேல வழுக்கிட்டு ஓடுதுன்னு வெச்சுக்கணும், அதனாலதான் ஆரம்பத்துலயே தொடணும்னு அடிச்சுச் சொல்றது.

கரிப்பூர் ஞாபகம் இருக்கும், நம்ம மலப்புரம் பக்கந்தான. 2020 ஆகஸ்ட் 7, கொரோனா நேரம், துபாய்ல இருந்து சனங்கள கூட்டிட்டு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ப்ளைட்டு, 190 பேரு. கோழிக்கோடு ரன்வே மலை உச்சிய வெட்டி சமப்படுத்துனது, ரெண்டு பக்கமும் பள்ளம். ராத்திரி, மழை. மொத தடவ ஒரு பக்கமா இறங்கப் பார்த்து முடியாம மேல போயிட்டாங்க, அது சரியான முடிவு. அடுத்து ரன்வேயோட எதிர்ப்பக்கத்துல இருந்து வந்தாங்க, அந்தப் பக்கம் காத்து பின்னாடி இருந்து 14 நாட் மாதிரி தள்ளிட்டு இருந்துச்சு. கேப்டன் பக்கத்து வைப்பர் மொத தடவையே நின்னு போயிருந்துச்சு, ரெண்டாவது தடவ ஓடுனாலும் போட்ட வேகத்துல ஓடல. இத்தனையும் ஐஎல்எஸ் வழியாத்தாங்க, மெஷின் சரியாத்தான் வேலை செஞ்சுச்சு. ஆனா கடைசி 500 அடில வேகமா எறங்கி, அப்புறம் ரன்வே மேல மெதந்துகிட்டே போயி, 8858 அடி ரன்வேல 4438 அடி தாண்டித்தான் சக்கரம் தொட்டுச்சு. பாதி ரன்வே போச்சு. கோ-பைலட்டு "கோ அரவுண்ட்"னு சொல்லியும் கேப்டன் மேல ஏறல, கோ-பைலட்டும் கையில எடுத்துக்கல. ரன்வே தாண்டி பள்ளத்துல விழுந்து மூணா ஒடைஞ்சிருச்சு. 21 பேரு, ரெண்டு பைலட்டும் அதுல அடக்கம். கொண்டோட்டி சனங்க மழைலயும் கொரோனா பயத்த மறந்து ஓடிப் போய் தூக்குனதால மிச்சப் பேரு பொழச்சாங்க.

அந்தக் கேப்டன் விமானப்படைல இருந்து வந்த பெரிய அனுபவசாலி. தைரியம் பத்தாத ஆளு இல்ல. விசாரணை ரிப்போர்ட்டுல ஒரு விசயம் வருது, மறுநாள் காலைல கோழிக்கோட்டுல இருந்து அவரே ஒரு ப்ளைட்டு எடுக்க வேண்டி இருந்துச்சு, வேற ஊருக்கு போயிட்டா அது கெட்டுரும், அதனால அங்கயே எறங்கணும்னு ஒரு உந்துதல் இருந்திருக்குன்னு. என் கண்ணுக்கு மஞ்ச விட, மழைய விட இதுதான் பெரிய ஆபத்து. சாயங்காலம் மேய்ச்சல் முடிஞ்சு திரும்பற மாட்ட பார்த்திருப்பீங்க, வீட்டு வாசம் புடிச்சிருச்சுன்னா கயித்த இழுத்தாலும் நிக்காது, நடை ஓட்டமாயிரும். மனுசனும் அப்படித்தான், 4 மணி நேரம் பறந்து வந்து ஊரு லைட்டு தெரிஞ்சதுக்கு அப்புறம் "வேண்டாம், திரும்பு"ன்னு சொல்றது சாதாரண விசயமே இல்ல, பின்னாடி 180 பேரு பையத் தூக்க ரெடியா உக்காந்திருக்காங்க.

காத்தும் இருக்கு. பாலக்காட்டு கணவாய்ல ஆனி ஆடில வர்ற காத்து உங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, வேலந்தாவளத்துல காய வெச்ச வேட்டி கிணத்துக்கடவுல கெடக்கும். சீரா அடிக்கற காத்த சமாளிச்சிருவாங்க, இடிமழை மேகத்துக்கு கீழ திடீர்னு கொட்டற காத்துதான் ஆள முழுங்கறது. மொதல்ல எதிர்காத்தா வந்து ப்ளைட்ட தூக்கும், பைலட்டு பவர குறைப்பாரு, அடுத்த சில செகண்டுல அதே காத்து முதுகுப் பக்கமா மாறி கீழ அமுக்கும். 1985ல அமெரிக்காவுல டல்லாஸ்ல டெல்டா ப்ளைட்டு ஒண்ணு இப்படித்தான் ரன்வேக்கு முன்னாடியே விழுந்து 137 பேர் செத்தாங்க. அப்புறந்தான் இந்தக் காத்த முன்கூட்டியே கண்டுபிடிக்கற ரேடார் ப்ளைட்டுகள்ல பரவலா வந்துச்சு.

இப்ப மேல ஏறிப் போறதும் முழு சேஃப்னு நான் சொல்லலைங்க. மச்சான்கிட்ட கேட்டுப் பாருங்க, அந்த "விருட்டு"ல ப்ளைட்டு செங்குத்தா மேல போன மாதிரி இருந்திருக்கும், ஆனா நெஜத்துல 15 டிகிரி மாதிரிதான் தூக்கியிருப்பாங்க. காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்புக்கு வேகமும் சாய்வும் ஒண்ணாத்தான் தெரியும். திடீர்னு வேகம் புடிச்சா அண்ணாந்து போற மாதிரி ஒரு மயக்கம் வரும். வெளிய ஒண்ணும் தெரியாத இருட்டுல பைலட்டு மீட்டர நம்பாம காத நம்புனா, ரொம்ப தூக்கிட்டமோன்னு மூக்க கீழ அமுக்கிருவாரு. 2016 மார்ச்ல துபாய்ல இருந்து ரஷ்யாவுல ரோஸ்தோவுக்கு போன ப்ளைதுபாய் ப்ளைட்டு ரெண்டாவது தடவ மேல ஏறுறப்ப இப்படித்தான் மூக்கு கவுந்து ரன்வேலயே குத்துச்சு, 62 பேர்ல ஒருத்தரும் மிஞ்சல. ராத்திரி, காத்து, அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் மேலயே வட்டமடிச்ச அசதி. அதனால ஒவ்வொரு தடவ முயற்சி பண்றதுக்கும் ஒரு வெலை இருக்கு, "இன்னொரு தடவ பார்த்துரலாம்"ங்கறது இனாம் இல்ல.

அந்த வெலை சில நேரம் நேரடியா எரிபொருளுங்க. 2015 ஆகஸ்ட்ல தோஹால இருந்து கொச்சிக்கு வந்த ஒரு தனியார் ப்ளைட்டு. கொச்சில காலை மூட்டம். மூணு தடவ வந்து மூணு தடவையும் மேல போனாங்க. மாத்து ஊருன்னு பிளான்ல பெங்களூரு இருந்துச்சு, ஆனா மூணாவது தடவைக்கு அப்புறம் பெங்களூருக்கு எண்ணெய் பத்தாது, சரி திருவனந்தபுரம்னு போனாங்க. அங்கயும் மூட்டம். அங்கயும் மூணு தடவ முடியல. ஏழாவது தடவ, மேடேன்னு ஆபத்துக் குரல் குடுத்து, ரன்வே சரியா தெரியுதோ இல்லையோ எறங்கியே ஆகணும்ங்கற நெலமைல எறக்குனாங்க. டேங்க்ல மிஞ்சுனது சில நூறு கிலோ, அது அடுத்த ஒரு சுத்துக்கே சந்தேகம். 140 பேருக்கு மேல இருந்தாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல, அதிர்ஷ்டம்தான். கணக்கு எங்க தப்புச்சுன்னு பார்த்தீங்கன்னா ஏழாவது தடவைல இல்ல, கொச்சில மொத தடவ முடிஞ்சப்பவே, எண்ணெய் இருக்கறப்பவே பெங்களூருக்கு மூக்க திருப்பியிருக்கணும். உங்க மச்சான் வந்த ப்ளைட்டோட பைலட்டு ஒரு தடவ பார்த்துட்டு, கொச்சி தெளிவா இருக்குன்னு தெரிஞ்ச உடனே போனாரு பாருங்க, அவர நான் பார்த்தா ஒரு இளநி வெட்டிக் குடுப்பேன்.

ஒரு சின்ன நம்பர் தப்பு என்ன பண்ணும்னும் சொல்றேன், இது ஐஎல்எஸ் இல்ல, அதுக்கு அக்கா தங்கச்சி முறைன்னு வெச்சுக்குங்க. இப்பெல்லாம் சேட்டிலைட்ட வெச்சு எறங்கற அப்ரோச் நெறைய வந்திருச்சு, அதுல சில ரகத்துல சரிவுங்கறது ப்ளைட்டோட உயரமானி சொல்றதுதான். உயரமானி அந்த ஊரு காத்தழுத்தத்த வெச்சு கணக்கு போடும், ஏடிசி, அதாவது கீழ இருக்கற கண்ட்ரோல்காரங்க சொல்ற நம்பர பைலட்டு போடணும். 2022 மே மாசம் பாரிஸ்ல மழைல 1001னு சொல்ல வேண்டியத 1011னு சொல்லிட்டாங்க. ஒரு யூனிட்டுக்கு 28 அடி, 10 யூனிட்டுக்கு 280 அடி. ஏர்பஸ் ஒண்ணு மீட்டர்ல எல்லாம் சரின்னு காட்ட 280 அடி தாழ்வாவே வந்து, ரன்வே ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கறப்பவே தரைக்கு 6 அடி உயரம் வரைக்கும் போயிட்டு மேல ஏறிச்சு. 6 அடி, நம்ம வீட்டு கதவு ஒசரம் கூட இல்ல. ஏன் தப்பிச்சாங்க தெரியுமா, மினிமா வந்துருச்சு, ரன்வே தெரியல, அதனால மேல போங்கன்னு விதிப்படி செஞ்சாங்க, அவ்ளோதான். தப்பு நடந்ததே அவங்களுக்கு அப்ப தெரியாது. ஐஎல்எஸ்ல சரிவு தரைல இருந்து வர்றதால இந்தக் குளறுபடி அந்தளவுக்கு வராது, அதுல எங்க ஆளுங்களுக்கு கொஞ்சம் கர்வம் உண்டு.

மெஷினே இல்லாத எடத்துல மேகம் மூடுனா என்னன்னு நாம பக்கத்துலயே பார்த்துட்டோம். 2021 டிசம்பர் 8, சூலூர்ல இருந்து வெலிங்டன் போன விமானப்படை ஹெலிகாப்டர், ஜெனரல் பிபின் ராவத்தோட சேத்து 14 பேர் போனாங்க. குன்னூர் பள்ளத்தாக்குல வானிலை திடீர்னு மாறி மேகத்துக்குள்ள நுழைஞ்சதும் பைலட்டுக்கு திசை மயங்கி மலைல மோதிருச்சுன்னுதான் விசாரணை சொல்லுச்சு. ஹெலிகாப்டர்ல எந்தக் கோளாறும் இல்ல.

பைலட்டுக்கு தைரியம் பத்தலைன்னு சொல்றது யாரா இருந்தாலும், அவரு வாளையார் ரோட்டுல மஞ்சுல முன்னாடி போற லாரி டெயில் லைட்ட மட்டும் பார்த்துட்டு 80ல ஓட்டற ஆளா இருக்கணும். லாரி பள்ளத்துல எறங்குனா இவரும் பின்னாடியே எறங்குவாரு.

அப்புறம் டிக்கெட்டு. டிசம்பர் ஜனவரில வர்றதா இருந்தா விடியக்காலம் எறங்கற ப்ளைட்ட தவிர்க்கப் பாருங்க, 9 மணிக்கு மேல வர்றது கெடச்சா நிம்மதி. கெடைக்கலைன்னா கொச்சி ஏர்போர்ட்டுக்கே போட்டாலும் நம்ம ஊருக்கு பெரிய வித்தியாசம் இல்ல, குதிரான் சுரங்கம் வந்ததுக்கு அப்புறம் ரோடும் பரவால்ல. ஏர்லைன்காரங்க கொச்சில இருந்து கோயமுத்தூருக்கு பஸ்ஸு விட்டிருப்பாங்களே, மச்சான் வழில பாலக்காட்டு சந்திரநகர்லயே எறங்கிக்கிட்டாரா? எங்க பங்காளி ஒருத்தர் போன வருசம் லக்கேஜ் அடில இருக்குன்னு கோயமுத்தூர் ஏர்போர்ட்டு இருக்கற பீளமேடு வரைக்கும் போய்ட்டு, அங்க இருந்து வாளையார் தாண்டி திரும்பவும் வந்தாரு.